ஆராதனை முடிந்தும் வீடு திரும்பாதவர்: ஒரு வாழ்க்கையை நினைவுகூர்ந்து எழுத ஒரு வழிகாட்டி

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் சிலர் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். வாசலில் ஒருவரிடம் மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்பார்கள், இன்னொருவரிடம் முட்டிவலியைப் பற்றி. புதிதாக வந்த குடும்பத்தைப் பிடித்து வைத்து "எந்தத் தெருவில வீடு?" என்று ஆரம்பிப்பார்கள். கூட வந்தவர்கள் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவர் இறந்துபோனால், அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசவும் எழுதவும் வேண்டிய பொறுப்பு வீட்டில் யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். "நீதான் நல்லா எழுதுவியே" என்று யாராவது சொன்னால் போதும்.

என் பெரியம்மா காலமானபோது அது என் தலையில் விழுந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். "அன்பின் உருவம்", "ஜெப வீராங்கனை", "எல்லாரிடமும் சிரித்த முகத்தோடு பழகியவர்" என்றெல்லாம் போட்டிருந்தேன். மறுநாள் காலை ஆலயத்தில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பதினோரு நாள் சாயங்காலமும் உங்க பெரியம்மா வந்தாங்க தம்பி. 'நான் உட்கார்ந்திருக்கேன், நீ போய்க் குளிச்சிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடிட்டு வா'ம்பாங்க." எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. அந்த நாட்களில் அவர் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார் என்றே நினைத்திருந்தோம்.

என் இரண்டு பக்கத்தில் இதற்கு ஈடாக ஒரு வரி கூட இல்லை. பலரோடு பழகியவரின் வாழ்க்கை அவர் பழகிய ஆட்களிடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது, வீட்டுக்காரர்களிடம் இருப்பது அதில் ஒரு பங்குதான். அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி கேட்டுச் சேர்ப்பது, மீதிதான் எழுதுவது. முதல்முறை செய்கிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எது வேண்டும் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

மூன்று வேறு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. ஆராதனைத் தாளில் அச்சிடும் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று. அதற்கு 150 முதல் 200 சொற்கள் போதும், ஒரே நாளில் முடிக்க வேண்டும். எழுந்து நின்று பேசும் நினைவுரை இன்னொன்று, ஐந்து நிமிடம். குடும்பத்துக்காகப் பிறகு நிதானமாகத் தொகுக்கும் நினைவு மலர் மூன்றாவது. அதற்கு அவசரமே இல்லை, ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. மூன்றையும் ஒரே ராத்திரியில் எழுதப் பார்த்தால் மூன்றும் கெடும்.

அடுத்து, பேனாவை எடுப்பதற்கு முன் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசிவிடுங்கள். எப்போது பேசலாம், எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். சபைக்குச் சபை இது மாறும். கத்தோலிக்க அடக்கத் திருப்பலியில் மறையுரை, அதாவது குருவானவர் செய்யும் பிரசங்கம், இறந்தவரைப் புகழ்ந்து பேசும் உரையாக இருக்கக் கூடாது என்பது விதி. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 382ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாக நினைவுகூர்ந்து பேச இடம் உண்டு. நற்கருணைக்குப் பிந்தைய மன்றாட்டு முடிந்து, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்குவதற்கு முன் அதைச் செய்யலாம். மற்ற சபைகளில் அடக்க ஆராதனையின் நடுவிலேயே இரண்டு மூன்று பேரைப் பேச விடுவதுண்டு. சில போதகர்கள் வீட்டில் நடக்கும் ஜெபத்திலோ தனியாக வைக்கும் நினைவுக் கூட்டத்திலோ பேசிக்கொள்ளச் சொல்வார்கள். மனத்தாங்கல் வேண்டாம். இப்படிப்பட்ட ஒருவருக்குப் பின்னது பல சமயம் நல்லதாகவே அமையும், ஏனென்றால் அங்கே மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

வாழ்க்கைக் குறிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, வேலை, திருமணம், ஆலயத்தில் ஏற்ற பொறுப்புகள், விட்டுச்சென்ற உறவுகள், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். நான் பெரியம்மாவின் திருமண ஆண்டைத் தவறாகப் போட்டேன், அச்சான பிறகு பெரியப்பாதான் மெல்லிய குரலில் சொன்னார். ஆலயப் பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் திருமுழுக்குப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே உறுதிபூசுதல், திருமணம் ஆகியவற்றையும் குறித்து வைப்பது திருச்சபைச் சட்டம். எங்கே ஞானஸ்நானம் பெற்றார் என்று தெரிந்தால் மற்ற விவரங்களும் அங்கேயே கிடைக்க வாய்ப்புண்டு. பேரப்பிள்ளைகளின் பெயர்களை வேறு ஒருவரை வைத்துச் சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வருத்தம் வருடக்கணக்கில் நிற்கும்.

கேட்கப் போகும்போது

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் தபீத்தாள் என்ற தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு வந்து மேல்வீட்டில் நுழைந்ததும் விதவைகள் அழுதுகொண்டே அவனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். "அவள் தர்மசிந்தனை உள்ளவள்" என்று யாரும் அங்கே உரை நிகழ்த்தவில்லை. இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் தேடிப் போக வேண்டியது அந்த அங்கிகளைத்தான்.

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றவர், ஞாயிறு பள்ளியில் அவரிடம் படித்து இப்போது தலை நரைத்தவர்கள், பெண்கள் சங்கத்தில் அவரோடு சண்டை போட்டவர் (விட்டுவிடாதீர்கள், நல்ல கதை அங்கேதான் இருக்கும்), ஒரே பெஞ்சில் உட்காரும் குடும்பம், ஆலயக் காவலாளி, வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர், வேற்று மதத்துப் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய கைபேசியில் கடைசி ஒரு மாத அழைப்புகளைப் பார்த்தால் நீங்கள் நினைத்தே பார்க்காத இரண்டு மூன்று பெயர்கள் அகப்படும். பிள்ளைகளையும் கணவரையும் கடைசியில் கேளுங்கள். துக்கத்தின் முதல் நாட்களில் அவர்களால் கோர்வையாகச் சொல்ல முடியாது, சொல்லச் சொல்லி வற்புறுத்துவதும் சரியில்லை.

"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்றுதான் பதில் வரும். அப்புறம் மௌனம். நான் கேட்டுப் பலன் கண்ட கேள்விகள் இவை: கடைசியாக எப்போது பேசினீர்கள், எதைப் பற்றி? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவார்? அவருக்கு எதில் கோபம் வரும்? அவர் உங்களுக்காக ஜெபம் பண்ணியபோது எதைச் சொல்லிப் பண்ணினார்? கடைசிக் கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். காத்திருங்கள். இடையில் புகுந்து நீங்களே ஒரு கதை சொல்லத் தொடங்கினால் அவர்களுடையது உள்ளேயே போய்விடும்.

அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "ஆறுதல் கூறினார்" என்று நீங்கள் திருத்தி எழுதினால் கதை செத்துவிடும். "'சும்மா அழு, நான் கதவைச் சாத்திட்டு வர்றேன்'னாங்க" என்று அவர்கள் சொன்னால் அதுதான் வேண்டும்.

பொருட்கள்: வேதாகமம், கைபேசி, படங்கள்

முதலில் வேதாகமம். வீட்டில் யாருக்கு அது என்று முடிவாகும் முன்னரே கையெழுத்து உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். உள்ளே செருகியிருக்கும் தாள்களை எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்தோடு சேர்த்தே படம் எடுங்கள், ஒழுங்குபடுத்தாதீர்கள். பெரியம்மாவின் வேதாகமத்தில் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. நாற்பது பெயர் இருக்கும். சிலவற்றின் மேல் கோடு. "கோபத்தில அடிச்சிட்டாங்களோ?" என்று தம்பி கேட்டான். பெயர்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "வேலை", "குழந்தை", "ஆபரேஷன்" என்றிருந்தது. வேலை கிடைத்ததும் கோடு. குழந்தை பிறந்ததும் கோடு. கோடு விழாத பெயர்களில் ஒன்று என்னுடையது. பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கும் அவருக்கும்.

கைபேசி விஷயத்தில் மட்டும் உண்மையிலேயே அவசரம் உண்டு. எண்ணை உடனே ரத்து செய்யாதீர்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், அதோடு விட்டுவிட்ட எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கைப் பயன்படுத்தாமல் வைத்தால் பொதுவாக 120 நாட்களில் நீக்கிவிடுவார்கள். ஆகவே குரல் பதிவுகளை முதலிலேயே கணினியிலோ வேறொரு கைபேசியிலோ நகலெடுத்துவிடுங்கள். உங்கள் கைபேசியிலும் அவர் அனுப்பியவை இருக்கும். "கண்ணு, சாப்பிட்டியா, சும்மாதான் பேசினேன்" என்று எட்டு விநாடிக்கு ஒரு பதிவு. அன்றைக்குக் கேட்டுவிட்டு அழித்திருப்போம், இன்றைக்கு அதற்கு விலை கிடையாது. ஃபேஸ்புக்கில் நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாற்றிய பிறகு அதற்குள் யாரும் நுழைய முடியாது, பழைய பதிவுகள் அப்படியே இருக்கும்.

படங்களைச் சேர்க்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்தால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) போதும், பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் 600. ஸ்கேனர் இல்லையா, ஜன்னலோரம் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் மேலிருந்து எடுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து இழுக்காதீர்கள், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் மெல்ல ஓட்டிக் கழற்றலாம். வரவில்லையென்றால் ஆல்பத்தோடு சேர்த்தே படம் எடுத்துவிடுங்கள். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

எழுதும்போது

இப்போது உங்களிடம் இருபது முப்பது துணுக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் நினைவுரையில் திணிக்க ஆசை வரும். மூன்று போதும். மூன்றையும் கட்டும் ஒரு சரடைத் தேடுங்கள். பெரியம்மாவுக்கு நான் கண்ட சரடு, ஆட்களைத் தனியாக உட்கார விடமாட்டார் என்பது. ஆஸ்பத்திரி, ஆலய வாசல், பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த கூச்சக்காரப் பையன் என்று மூன்று இடத்தில் அது வந்தது.

முதலில் நான் எழுதியிருந்த வரி: "ஆலய ஆராதனையில் மிகுந்த பக்தியோடு கலந்துகொள்வார், பிறருக்கு உதவுவதில் முன்நிற்பார்." அதை அடித்துவிட்டு எழுதியது: "ஞாயிறு காலை பெரியம்மாவின் கைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி இருக்கும். ஒன்று அவருடையது. இன்னொன்று, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து பாட்டுப்புத்தகத்தைக் கைநீட்டித் தூரப்பிடித்துப் படிக்கிற யாருக்காவது." இதைப் படித்தபோது மூன்றாவது வரிசையில் ஒருவர் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்தி என்ற சொல்லே வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. எந்தப் பெஞ்சு, எந்தப் பாட்டுக்குச் சத்தம் கூடும், விடியற்காலை எத்தனை மணிக்கு விளக்கு எரியும் என்று எழுதுங்கள்.

ஒருவருக்கு ஒரு வரி என்று எழுதுவதும் நல்ல வழிதான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரம் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்தான். ஆலயத்தில் வாசிக்கும்போது பலர் கொட்டாவி விடுவார்கள். ஆனால் ரூபு என்ற ஒருவரின் தாயை "எனக்கும் தாய்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறான் பாருங்கள். நினைவு மலருக்கு நாற்பது பேரிடம் ஆளுக்கு ஒரே வரி வாங்கிப் போட்டால் அதுவே ஒரு புத்தகம். எல்லாரையும் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று பேர் தருவார்கள், மீதிப்பேர் உங்களைக் கண்டால் ஒளிவார்கள்.

குறைகளை என்ன செய்வது? கலகலப்பானவர்களுக்கு அதற்கேற்ற குறைகள் இருக்கும். பேச்சை நிறுத்தத் தெரியாது, நேரத்துக்கு வரமாட்டார்கள், நாம் சொன்ன ரகசியத்தை ஜெபக்குறிப்பாக்கிப் பத்துப் பேரிடம் சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டைச் சிரிப்போடு சொல்லலாம், சொன்னால்தான் ஆள் கண்முன் வருவார். காயப்பட்ட ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

இதைவிடக் கவனம் வேண்டியது அவர் செய்த உதவிகளில். நான் செய்த பெரிய பிழை இங்கேதான். பெரியம்மா ஒரு மாணவனுக்கு மூன்று வருடம் கல்லூரிக் கட்டணம் கட்டியதை, பெயர் சொல்லாமல்தானே என்று நினைத்து, நினைவுக் கூட்டத்தில் சொன்னேன். அவன் படித்த பாடத்தையும் சொல்லிவிட்டேன். அந்தப் பாடம் படித்தவன் அந்தச் சபையில் ஒருவன்தான். அவனுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று வாழ்ந்தவரின் கணக்கை நான் ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டுமே சொல்லுங்கள். நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஏன் இறந்தார், இது யாருடைய சித்தம் என்பதையெல்லாம் விளக்கப் போகாதீர்கள். அது பிரசங்கம் செய்கிறவரின் வேலை. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றோ "இறைவனில் இளைப்பாறுகிறார்" என்றோ உங்கள் சபையின் வழக்கப்படி ஒருமுறை சொன்னால் போதும்.

எழுந்து நிற்கும் நேரம்

ஐந்து நிமிடத்துக்குத் தமிழில் ஏறத்தாழ 400 முதல் 450 சொற்கள். வீட்டில் சத்தமாக இரண்டு முறை படித்து நேரம் பாருங்கள். எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் பெரிதாக ஒரு கோடு போட்டு வைத்து, அங்கே நிறுத்தி மூச்சு விடுங்கள். கைபேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம், சரியாக அழுகை வரும் நேரத்தில் திரை அணைந்துவிடும். பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம்விட்டு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்செடுங்கள், பக்க எண் போடுங்கள். இன்னொரு பிரதியை நிதானமான ஒருவர் கையில் கொடுத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். உங்களால் முடியாமல் போனால் அவர் எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பார். அது ஒன்றும் அவமானமில்லை. எனக்கு இரண்டாம் பக்கத்தில் அது நடந்தது. படித்து முடித்தவர் பாடகர் குழுவின் அந்தக் கூச்சக்காரப் பையன்.

அடக்கம் முடிந்த பிறகு

கூட்டம் கலைந்த பின்புதான் நினைவு மலர் வேலை தொடங்கும். முதலாண்டு நினைவுநாளை இலக்காக வையுங்கள். கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள், அதுவும் பொருத்தமான நாள்தான். பக்கங்களைக் காலவரிசையில் அடுக்குவதைவிட இடவரிசையில் அடுக்கினால் இப்படிப்பட்டவருக்கு நன்றாகப் பொருந்தும்: ஆலய வாசல், பாடகர் மேடை, திண்ணை, பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி வராண்டா. ஒவ்வொரு இடத்திலும் அவரைச் சந்தித்தவர்கள் பேசட்டும். நடுநடுவே வெற்றுப் பக்கங்கள் விடுங்கள், பிறகு வருகிறவர்கள் கையாலேயே எழுதிக்கொள்ள.

படங்களை இரவல் தந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். படத்தைக் கையில் வாங்கியதும் அவர்கள் உள்ளே வைக்க மாட்டார்கள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு, "இந்தப் படம் எடுத்த அன்னைக்கு என்னாச்சு தெரியுமா…" என்று ஆரம்பிப்பார்கள். சட்டைப்பையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.